மூன்று வரிக் கட்டத்துக்குள் அடங்காத குதிரை

1

ஜூன் மாதம் பாதியில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. இங்கிலாந்தில் பழுப்பு உறையில் வருகிற கடிதம் நல்ல செய்தி கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. என் மனைவி சரோஜா அதை டீ டப்பாவுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்து, நான் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் எடுத்துக் கொடுத்தாள். கெட்ட செய்தியை வெறும் வயிற்றில் யாருக்கும் கொடுப்பதில்லை என்பது எங்கள் வெள்ளகோவில் பக்கத்துப் பழக்கம். இங்கே வந்து எட்டு வருடமாகியும் அதை மட்டும் நாங்கள் விடவில்லை.

கடிதத்தின் சாரம் இதுதான். ஏப்ரல் மாதம் நான் விடுப்பில் இந்தியாவில் இருந்திருக்கிறேன். அதே ஏப்ரல் மாதம் என் கதிர்வீச்சு அட்டை கறுத்திருக்கிறது. வேலைக்கே வராத ஆள்மீது கதிர் பட்டது எப்படி? இணைத்துள்ள படிவத்தில் பதினான்கு நாட்களுக்குள் விளக்கம் தரவும்.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிற எல்லாரும் நெஞ்சில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் அட்டையைக் குத்திக்கொள்வோம். அதற்குள் ஒரு துண்டு ஃபிலிம் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அனுப்பிவைத்தால், கழுவிப் பார்த்து, யார்மீது எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கிடுவார்கள். இத்தனை வருடத்தில் என் அட்டை ஒருமுறைகூடக் கறுத்ததில்லை. அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு. விடுப்பில் போகும்போது அட்டையை ஆஸ்பத்திரிச் சுவரில் உள்ள ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். நான் அதைப் பேனாவோடு சேர்த்துச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு வெள்ளகோவில் வரைக்கும் போய்விட்டேன். வேலைக்குப் போகிறவன் என்று ஊரில் தெரியட்டுமே என்ற ஆசையும் உள்ளே இருந்திருக்கலாம்.

படிவத்தில் ஆறு கேள்விகள். நான்காவது கேள்வி, “என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாக விவரிக்கவும்.” அதற்குக் கீழே ஒரு கட்டம், கட்டத்துக்குள் மூன்று வரி. எங்கள் ஊர்க்காரனுக்கு மூன்று வரியில் சௌக்கியமா என்றுகூடக் கேட்டு முடிக்க முடியாது. அந்த மூன்று வரிக்குள் நான் ஒரு குதிரை, ஒரு அண்ணன், கோயமுத்தூரில் ஒரு பட்டறை எல்லாவற்றையும் அடக்க வேண்டும். அடங்காததை இங்கே உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு வரிக்கட்டுப்பாடு போட என்னிடம் அதிகாரமில்லை.

2

ஊரில் எங்களைப் பற்றிச் சொல்வது, “புருசனும் பொண்டாட்டியும் லண்டன் ஆஸ்பத்திரியில இருக்கறாங்க” என்று. அதில் பாதி சரி. நாங்கள் இருப்பது லண்டன் இல்லை. அங்கிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி, குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன ஒரு சிற்றூர். சரோஜா நர்ஸ், அவள் ஆஸ்பத்திரியில் மனிதர்கள் படுத்திருப்பார்கள். என் ஆஸ்பத்திரியில் யாரும் படுப்பதில்லை. எல்லாரும் நின்றுகொண்டே இருப்பார்கள். எல்லாரும் குதிரைகள்.

முதல் முறை ஊருக்குப் போனபோது இதை விளக்க முயன்றேன். மூட்டுவலிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு வந்த பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பரவால்லீங்க, குதிரைக்குக் குடுக்கறதையே எனக்கும் ஒரு பாட்டலு குடுத்துப்போடுங்க” என்றார். அதற்குப் பிறகு நான் விளக்குவதில்லை.

அதற்கு முன்னால் எனக்கும் குதிரைக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கோயமுத்தூர் கணபதியில் சலீம் பாய் என்பவர் ஒரு சோதனைப் பட்டறை வைத்திருந்தார். பக்கத்து ஃபவுண்டரிகளில் வார்க்கிற பம்ப் பாகங்களை அங்கே கொண்டுவருவார்கள். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கிற வார்ப்புக்குள் விரிசலோ காற்றுக்குமிழோ இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்துச் சொல்வது எங்கள் வேலை. விரிசல் இருந்தால் மஞ்சள் மெழுகுப் பென்சிலால் ஃபிலிமில் வட்டம் போடுவேன். சலீம் பாய் ‘ரிஜெக்டட்’ என்று முத்திரை குத்துவார். இல்லாவிட்டால் ‘அக்செப்டட்’. எங்களிடம் இருந்தவை இரண்டே முத்திரைகள்தாம்.

சரோஜாவுக்கு இங்கே வேலை கிடைத்தபோது கைக்குழந்தையோடு நானும் கூட வந்தேன். ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்தேன். என் சான்றிதழ்களை அரசாங்கத்துக்கு அனுப்பினால், இரும்பை எக்ஸ்ரே எடுத்தவர் மனிதரை எடுக்க முடியாது என்று பதில் வந்தது. எங்கள் தெருவிலேயே இருந்த குதிரை ஆஸ்பத்திரியில் இருட்டறைக்கு ஆள் தேவை என்று அறிவிப்புப் பார்த்துப் போனேன். டாக்டர் ஹெலன் ஒரு ஃபிலிமைக் கையில் கொடுத்து, “இதில் என்ன கோளாறு?” என்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து விரிசலின்மேல் விரலை வைத்தேன். “இது என்ன எலும்பு?” என்றார். “தெரியாதுங்க” என்றேன். “எலும்பின் பெயரை நான் சொல்லித் தருகிறேன். திங்கட்கிழமை வா” என்றார்.

பந்தயக் குதிரைக்கு நான்கு கால்கள்தாம் முதல். மெலிந்த கால், அதன்மேல் கனத்த உடம்பு. ஓடி ஓடி எலும்பில் மயிரிழையாக ஒரு விரிசல் விழும். குதிரை சொல்லாது, கொஞ்சம் தாங்கி நடக்கும், அவ்வளவுதான். அந்த நிலையில் அதை ஓடவிட்டால் ஓட்டத்தின் நடுவே எலும்பு இரண்டாகும். அப்படி முறிந்த குதிரையைப் பெரும்பாலும் காப்பாற்ற முடியாது. இதைக் கண்டுபிடிக்க இப்போது ஒரு புதுக் கருவி வந்திருக்கிறது. கதிர் கலந்த மருந்தைக் குதிரையின் நரம்பில் ஏற்றினால், எலும்பு எங்கெல்லாம் தன்னைத்தானே பழுது பார்த்துக்கொண்டிருக்கிறதோ அங்கெல்லாம் மருந்து போய்ச் சேர்ந்து படத்தில் ஒளிர்கிறது. மறுநாள்வரை அந்தக் குதிரையைத் தனியாகக் கட்டி வைத்துவிடுவோம். அது மூத்திரம் பெய்தால்கூடப் பக்கத்தில் போகாமல் மரியாதையாகத் தள்ளி நிற்போம்.

வார்ப்புக்கும் எலும்புக்கும் உள்ள வித்தியாசத்தை நான் புரிந்துகொண்டது அந்தக் கருவி வந்த பிறகுதான். விரிசல் விட்ட வார்ப்பை உடைத்து மறுபடி உலையில் போட வேண்டும். விரிசல் விட்ட எலும்பைச் சும்மா விட்டால் போதும். நாலைந்து மாதத்தில் தானாகக் கூடிவிடும். சும்மா விடுவதற்குத்தான் குதிரைச் சொந்தக்காரர்கள் யாருக்கும் மனசு வராது.

இங்கே நான் நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்திருக்கிறேன். முரட்டுக் குதிரை வந்தால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் அதன் காதருகே போய், “வாங்க கண்ணு, செத்த நில்லுங்க, ஒண்ணும் பண்ண மாட்டனுங்க” என்பேன். அது காதை ஆட்டிவிட்டு நிற்கும். இத்தனை மரியாதையாக அதனிடம் இங்கே யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு வேலையை மட்டும் டாக்டர் ஹெலன் என்னிடமிருந்து பறித்துவிட்டார். ஒருமுறை ஒரு குதிரைச் சொந்தக்காரரிடம் விரிசல் விஷயத்தைச் சொல்லிவரும்படி என்னை அனுப்பினார். நான் அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன். மழை, அவர் அம்மாவின் உடல்நிலை, பெண்ணின் கல்யாணம் எல்லாம் விசாரித்தேன். குதிரை பக்கம் வருவதற்குள் அவர் மிகவும் சந்தோஷமாகி, கைகுலுக்கி, குதிரையை வண்டியில் ஏற்றப் போய்விட்டார். ஹெலன் வெளியே ஓடிப்போய் வண்டியை மறித்தார். “இனிமேல் படம் எடுப்பது உன் வேலை, சொல்வது என் வேலை” என்றார். அன்று முதல் அப்படித்தான்.

3

என் மகள் கவிதாவுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமைகளில் சரோஜாவுக்கு வேலை இருந்தால் என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து ஹெலன் அறையில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள். பழைய ஃபிலிம்களை விளக்குப்பெட்டியில் வைத்து என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது அவளுக்கு விளையாட்டு.

தமிழ் பேசுவாள். ஆனால் ‘ங்க’ வராது. “அப்பா, நீ வா”, “பாட்டி, நீ சாப்பிடு” என்பாள். இங்கிலீஷில் எல்லாருக்கும் ஒரே ‘யூ’ என்பதால் அவளுக்கு எல்லாரும் ஒன்று. எங்கள் பக்கத்தில் நாய்க்குட்டியைக்கூட வாங்க போங்க என்பார்கள். இந்தப் பெண் ஊரில் வாயைத் திறந்தால் என் மானம் போய்விடும் என்று எனக்குப் பெரிய கவலை. ஈஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் ஒரு மாதம் அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். “வாங்க பெரியப்பா, சாப்பிடுங்க பெரியப்பா” என்று ஒப்பித்தாள். விமானத்தில் ஏறியதும் மறந்துவிட்டாள்.

பெரியப்பா என்பது என் அண்ணன் சின்னுச்சாமி. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அப்பா போன பிறகு என்னை ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிட்டு, தான் தோட்டத்தோடு நின்றுகொண்டவர். அவர் உட்கார்ந்திருக்கும்போது நான் நின்றுகொண்டுதான் பேசுவேன். அவர் நிற்கும்போதும் நின்றுகொண்டுதான்.

இந்த முறை போய்ச் சேர்ந்ததும் அவர் பையைக்கூட இறக்கவிடாமல் என்னைக் கட்டுத்தரைக்கு இழுத்துக்கொண்டு போனார். எருமைகளுக்கு நடுவே ஒரு செவலைக் குதிரை நின்றது.

“அந்தியூர்ச் சந்தையில புடிச்சேன். சுழி பாத்தயா தம்பி? நெத்தியில ஒண்ணு, கழுத்துல ரெண்டு. இந்தச் சுழி சீமையில கெடைக்குமா?”

“கெடைக்காதுங்கண்ணா” என்றேன். சுழி பார்க்கிற கருவி எங்களிடம் இன்னும் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காங்கேயம் பக்கத்தில் ரேக்ளாப் பந்தயம். இலேசான இரட்டைச் சக்கர வண்டியில் குதிரையைப் பூட்டி, ஒற்றை ஆள் உட்கார்ந்து, தார் ரோட்டில் பறக்க வேண்டும். அண்ணனுக்கு ஐம்பது நெருங்குகிறது. வண்டியில் உட்காரப் போகிறவர் அவரேதான். ஒறம்பரைக்கெல்லாம், அதாவது சொந்தபந்தம் அத்தனை பேருக்கும், சொல்லி அனுப்பியாகிவிட்டது.

குதிரையை நடத்திக் காட்டினார். நேராக நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது முன் இடது காலை ஒரு கணம் தயங்கி வைத்தது. நான் குனிந்து முழங்காலுக்குக் கீழே கையால் தடவினேன். முன்பக்கம் ஓரிடத்தில் சூடு. சின்னதாக ஒரு மேடு. அழுத்தியதும் குதிரை காலைப் பிடுங்கிக்கொண்டது.

“தாங்குதுங்களாண்ணா?”

“கல்லு மிதிச்சிருக்கும். மஞ்சப் பத்துப் போட்டிருக்கறன். ஞாயித்துக்கெழமைக்குச் செரியாயிரும்.”

ஆஸ்பத்திரியில் தினமும் பார்க்கிற மேடு அது. பந்தயத்தில் கால் முறிந்தால் குதிரை போய்விடும். பின்னால் கட்டிய வண்டியும் கவிழும். தார் ரோட்டில் அண்ணன் எங்கே போய் விழுவார் என்று யோசிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

4

எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எங்கே எடுப்பது? கால்நடை மருத்துவக் கல்லூரி தூரம். எங்கள் ஊர் மாட்டு டாக்டருக்குக் காங்கேயம் மாடு அத்துப்படி, எக்ஸ்ரே கிடையாது. மனிதர்களுக்கு எடுக்கிற இடத்தில் கேட்டால் சிரிப்பார்கள். எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்ச் சலீம் பாய்க்குப் போன் போட்டேன்.

“குதிரைங்களா?” என்றார். “எத்தன கிலோ வருங்க தம்பி? நம்ம டிராலி அரை டன்தான் தாங்கும்.”

“டிராலி வேண்டாங்க பாய். நடந்தே வந்துருமுங்க.”

அண்ணனைச் சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். ஆனால் அது வேறு வழியில் நடந்தது. கிணற்று மோட்டாருக்குப் புதுக் காயில் கம்பி சுற்றக் கணபதியில் கொடுத்திருந்தார். அதை எடுத்துவர டெம்போ வண்டி எப்படியும் போக வேண்டும். வண்டி காலியாகப் போவதை எங்கள் ஊரில் யாரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள். போகிற வழிக்குக் குதிரை, வருகிற வழிக்குக் குதிரையும் மோட்டாரும். நான் சீமையில் படித்த படிப்பையெல்லாம் சொல்லியும் அசையாதவர், காலி வண்டிக்காக அசைந்தார்.

புதன்கிழமை காலை கணபதியில் இறங்கினோம். பட்டறை வாசலில் சோதனைக்கு வந்த பம்ப் பாகங்கள் வரிசையாக இருந்தன. குதிரை அவற்றுக்குப் பின்னால் வரிசையில் நின்றது. கணபதியில் எது வந்தாலும் பதிவேட்டில் ஏற்றாமல் உள்ளே விட மாட்டார்கள். சலீம் பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதினார். பாகத்தின் பெயர், குதிரைக் கால், முன் இடது. உலோகம், எலும்பு. எண்ணிக்கை, ஒன்று.

எங்கள் பழைய எக்ஸ்ரே அறைக்குத் தடித்த செங்கல் சுவரும் ஈயக் கதவும் உண்டு. வார்ப்பை உள்ளே வைத்துவிட்டு எல்லாரும் வெளியே வந்து பித்தானை அழுத்துவோம். வார்ப்பு அசையாது. குதிரையைத் தனியாக விட முடியுமா? தலையை ஒருவர் பிடிக்க வேண்டும். காலுக்குப் பின்னால் ஃபிலிம் பெட்டியை ஒருவர் பிடிக்க வேண்டும். ஃபிலிம் பெட்டியையும் ஈய அங்கி ஒன்றையும் சலீம் பாய் தெரிந்த எக்ஸ்ரே சென்டரில் இரவல் வாங்கி வைத்திருந்தார். ஒரே ஒரு அங்கி. ஒரு தென்னை மட்டையை நுனியில் பிளந்து, பெட்டியை அதில் செருகி, நான் தள்ளி நின்று நீட்டிப் பிடிப்பதாக ஏற்பாடு. இங்கிலாந்தில் இதற்கு அலுமினியத்தில் ஒரு கருவி இருக்கிறது. தென்னை மட்டை அதைவிட இலேசு.

“அண்ணா, நீங்க வெளிய நில்லுங்க. பாய் வீட்டு ஆள் யாராச்சும் புடிக்கட்டுமுங்க” என்றேன்.

“என்ற குதிரைய இன்னொருத்தன் புடிக்கறதா? நெம்ப நல்லாருக்குது” என்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

அங்கியை எடுத்து அவருக்கு மாட்டிவிட்டேன்.

“என்ன தம்பி இது, ஈரச் சாக்காட்டக் கனக்குது. உனக்கு?”

“எனக்கு வேண்டாங்கண்ணா. பழக்கந்தானுங்க.”

அதில் ஒரு சொல்கூட உண்மையில்லை. இந்த வேலையில் யாருக்கும் அது பழகாது. ஏழு வருடமாக மற்றவர்களுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமே அதுதான்.

வார்ப்புக்காகச் செய்த கருவி என்பதால் முதல் இரண்டு ஃபிலிம் கரியாக வந்தன. மூன்றாவதில் குதிரை அசைந்துவிட்டது. நான்கும் ஐந்தும் நன்றாக வந்தன. விரிசல் எதுவும் தெரியவில்லை. அண்ணன் முகம் மலர்ந்தது. நான் மட்டும் திருப்தியில்லாமல் கோணத்தை மாற்றி மாற்றி எடுத்தேன். மயிரிழை விரிசல் நேராகப் பார்த்தால் ஒளிந்துகொள்ளும். எட்டாவது ஃபிலிமைக் கழுவும்போது அண்ணன் மோட்டாரை எடுக்கப் போயிருந்தார். இருட்டறையிலிருந்து அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து நானும் சலீம் பாயும் பார்த்தோம். எலும்பின் முன்பக்கத்தில் சாய்வாக ஒரு மெல்லிய கோடு. நான் மஞ்சள் பென்சிலால் வட்டம் போட்டேன்.

சலீம் பாயின் கை தானாக முத்திரைக்குப் போய்ப் பாதியில் நின்றது. “என்னங்க தம்பி குத்தறது?” என்றார். “ரிஜெக்டட்னா அடிச்சு ஒடைக்கறதுங்க. இதுக்கு நம்மகிட்ட முத்திரையே இல்லீங்களே.”

“நாலு மாசம் கட்டி வெச்சாக் கூடிரும் பாய். ஞாயித்துக்கெழம மட்டும் ஓடக்கூடாது. நீங்க அண்ணங்கிட்டச் சொல்லிப்போடுங்க.”

“நானுங்களா? மூத்தவருகிட்ட நான் சொன்னா நல்லாருக்குமுங்களா? நீங்க கூடப் பொறந்தவரு. நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க.”

5

நான் பக்குவமாகச் சொன்னேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

கணபதியிலிருந்து வெள்ளகோவில் மூன்று மணி நேரம். வண்டியை அண்ணனே ஓட்டினார். பல்லடம் வரைக்கும் மழை இல்லாததைப் பற்றிப் பேசினேன். காங்கேயம் வரைக்கும் தேங்காயைப் பற்றி. காங்கேயம் தாண்டியதும், “அண்ணா, குதிரைய ஒரு ரெண்டு மாசம் கட்டி வெச்சாத் தேவலீங்க. பாத்து ஓட்டுங்க” என்றேன். நாலு மாதம் என் வாயில் இரண்டாகச் சுருங்கியிருந்தது.

“பாக்காம ஓட்டுவனா?” என்று அவர் சிரித்தார்.

இதோடு என் கடமை முடிந்தது என்று எப்படியோ என்னையே நம்ப வைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போனதும் அண்ணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அண்ணி பதறிப்போய், “நானெப்படிங் சொல்றது, அவுரு ஆசையா இருக்கறப்ப? நீங்களே சொல்லிப்போடுங்க” என்றார். சரோஜாவிடம் சொன்னேன். “மாமங்கிட்ட நான் போய்ச் சொல்ல முடியுமா?” என்றாள். அண்ணி பக்கத்துத் தோட்டத்தில் சொல்லி, அவர்கள் வழியாக யாராவது சொல்வார்கள் என்று பார்த்தார். அவர்கள் வந்தார்கள், காபி குடித்தார்கள், சுழியைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை காலைக்குள் வெள்ளகோவிலில் அண்ணனையும் குதிரையையும் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. குதிரைக்கும் தெரிந்திருக்கும்.

அன்று காலை அண்ணன் வாசலில் கட்டிலைப் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ரேக்ளா வண்டி, சக்கரத்துக்குப் புதிதாக மசகு போட்டு நின்றது. நான் வழக்கம்போல நின்றுகொண்டு, சித்திரையில் மழை வருமா என்று ஆரம்பித்திருந்தேன்.

கவிதா வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். என் பெட்டியில் விளையாட ஏதாவது தேடியிருக்கிறாள். கையில் அந்த எட்டாவது ஃபிலிம். நேராகப் பெரியப்பா முன்னால் போய், அதைச் சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

“பெரியப்பா, இங்க பாரு. மஞ்சள் வட்டம். அப்பா போட்டது. எலும்பு உடையப் போகுது. நீ நாளைக்கு ஓட்டினா குதிரை செத்துடும். நீயும் விழுவ.”

உள்ளே அண்ணி கரண்டியை வைத்த சத்தம் கேட்டது. ஒரு ‘ங்க’ இல்லை, மழை இல்லை, தேங்காய் இல்லை. பூமி பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது எனக்கு.

அண்ணன் ஃபிலிமைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தார்.

“நெசமா தம்பி?”

“ஆமாங்கண்ணா.”

“எப்பத் தெரியும் உனக்கு?”

“புதங்கெழமைங்க.”

“பாய்க்கு?”

“தெரியுமுங்க.”

“ஊட்டுல?”

நான் சமையலறைப் பக்கம் பார்த்தேன். அவர் எழுந்து கட்டுத்தரைக்குப் போனார். குதிரையின் முன்னால் குத்துக்காலிட்டு, அந்தக் காலை மேலிருந்து கீழாகத் தடவினார். குதிரை காலைப் பிடுங்கிக்கொண்டது. மறுபடி தடவினார். திரும்பி வந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. என்னைத் திட்டுவார் என்று தயாராக நின்றேன்.

“இத்தன பேரு எம்மேல மரியாத வெச்சு என்னியக் கொல்லப் பாத்தீங்க” என்றார். பிறகு கவிதாவைக் கட்டிலில் பக்கத்தில் உட்கார வைத்தார். “அம்மணி ஒருத்திதான் என்ற ஊட்டுப் புள்ளையாட்டப் பேசுனா. நீ டீ குடிச்சயா சாமி?”

“எனக்கு டீ பிடிக்காது” என்றாள் என் மகள்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சீமையில் பிறந்ததுபோலவே வளர்கிற பெண், நம்மிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறாள் என்று எத்தனை நாள் புலம்பியிருக்கிறேன். அவளுக்கு ‘ங்க’ சொல்லிக் கொடுத்த ஒரு மாதத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. நல்லவேளை, விமானத்தில் மறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வேட்டி சட்டையோடு பந்தயத்துக்குப் போய் ஓரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். நாங்கள் கிளம்புகிற நாள் ஃபிலிமைக் கேட்டேன். தர முடியாது என்றுவிட்டார்.

6

படிவத்தை நிரப்ப மூன்று நாள் ஆயிற்று. நான்காவது கேள்வியின் மூன்று வரியில், “விடுப்பில் இருந்தபோது அண்ணனின் குதிரைக்குக் கால் எக்ஸ்ரே எடுக்க உதவினேன். எட்டு ஃபிலிம். அட்டை சட்டைப்பையில் இருந்தது” என்று எழுதினேன். கவிதா படித்துப் பார்த்து, “இது போதும், அப்பா” என்றாள்.

ஐந்தாவது கேள்வி, வேறு யார்மீதாவது கதிர் பட்டதா? ஒரு குதிரை என்று எழுதினேன்.

ஆறாவது கேள்வி, ஈய அங்கி இருந்ததா? ‘ஆம்’ என்பதில் குறியிட்டேன். இருந்தும் அணியவில்லை என்றால் காரணம் என்ன? இதற்கு ஒரே ஒரு வரி. அந்த வரிக்குமேல் பேனாவை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அதுவரை அங்கி விஷயம் சரோஜாவுக்குத் தெரியாது. தோள் வழியாக எட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் எனக்குக் குழம்பு மட்டும் ஊற்றினாள், பேசவில்லை.

கடைசியில் இப்படி எழுதி அனுப்பினேன்: “அங்கி ஒன்றுதான் இருந்தது. அண்ணன் மூத்தவர்.”

பதிலே வரவில்லை. வேலை போய்விடும் என்று ஜூலை முழுவதும் பயந்துகொண்டிருந்தேன். ஆகஸ்டில் ஒரு மாலை, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி திரு. கார்ட்டர் வீட்டுக்கே போன் செய்தார். நான் நேரில் பார்த்திராத ஆள். குரலைக் கேட்டால் கஞ்சி போட்ட சட்டை அணிந்திருப்பார் என்று தெரிந்தது.

“கறுப்பு குறைந்த அளவுதான். உங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை” என்றார். “ஆனால் நீங்கள் செய்தது தவறு.”

“தவறுதான்” என்றேன்.

“ஆறாவது கேள்விக்கு நீங்கள் எழுதியது விதிகளின்படி ஒரு காரணமே அல்ல. இதற்கு முன் யாரும் இப்படி எழுதியதில்லை.”

“மன்னிக்க வேண்டும்.”

“எச்சரிக்கையோடு கோப்பை மூடுகிறேன். அடுத்த முறை அட்டையை ஆணியில் மாட்டுங்கள். அங்கியை இரண்டாக எடுத்துப் போங்கள்.” போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. தொண்டையைச் செருமினார். “படிவத்தில் இதற்குக் கேள்வி இல்லை. அந்தக் குதிரை என்ன ஆயிற்று?”

அண்ணனிடமிருந்து அந்த வாரம்தான் நான்கு பக்கக் கடிதம் வந்திருந்தது. ஆடியில் பெய்த மழை ஒரு பக்கம், கிணற்றுத் தண்ணீர் ஒரு பக்கம், தேங்காயும் மோட்டாரும் ஒரு பக்கம். நான்காவது பக்கத்தின் அடியில், இடம் போதாமல் ஓரத்தில் சாய்வாக எழுதியிருந்தார்: “குதிரை இப்பொழுது நொண்டாமல் நடக்கிறது. படத்தைக் கட்டுத்தரையில் மாட்டியிருக்கிறேன். அம்மணியிடம் சொல்லவும்.”

நான் வழக்கம்போல ஆடி மழையிலிருந்து ஆரம்பிக்க வாயெடுத்தேன். எதிரே மாடிப்படியில் உட்கார்ந்து கவிதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நொண்டாமல் நடக்கிறது, திரு. கார்ட்டர்” என்றேன்.

அதற்குப் பிறகுதான் மழையைப் பற்றிச் சொன்னேன்.